அரைப்பேர்

ஏ, கே, ஈ, எச், சீ, எம், பீ, எஃப்.
பயிற்சித் திடலின் வேலியில் எழுத்துகள்
இந்த வரிசையில்தான் நிற்கின்றன.
ஏனென்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.
ஏயில் நுழைந்து வணக்கம் வை,
சீயில் இடதுபக்கம் திரும்பு,
பீயில் இருபது மீட்டர் வட்டம்.
கந்தப்பளை பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி
பாடத்தை முணுமுணுப்பேன்.
பீ வரும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்கும்.
சிரிக்கட்டும்.
அதை அள்ளித்தானே இந்த லாயத்துக்குள் வந்தேன்.
இரண்டு வருஷம் லத்தி வாரி, சாக்கில் கட்டி,
லீக்ஸ் தோட்டத்து லொறிகளில் ஏற்றினேன்.

பிறகு கசுன் கட்டாருக்குப் போனான்.
காலையில் செவலையை நடத்த ஆளில்லை.
"ஏறுவியா?" என்று கேட்டார்கள்.
ஏறிய கதையில் சொல்ல ஒன்றுமில்லை,
விழுந்த கதைகள் ஆறு.

செவலைக்குக் கடவுச்சீட்டு உண்டு.
பூனாவில் பிறந்து, ஓடி, தோற்று,
கப்பலேறி வந்தவள்.
அதில் அவள் அப்பன், அப்பனின் அப்பன்,
தாய்வழியில் நாலு தலைமுறை,
நெற்றிச் சுழி எந்தப் பக்கம் என்பதுவரை
வரைந்து வைத்திருக்கிறார்கள்.
பெயர் மட்டும் இரண்டு வரி.
எங்கள் ஆட்களும் அந்தப் பக்கமிருந்துதான்
கப்பலில் வந்தார்கள்.
சுழியை யாரும் வரைந்து வைக்கவில்லை.

விண்ணப்பத்தில் "நிரந்தர முகவரி" என்றொரு கோடு.
மேல் டிவிஷன், பத்தாம் லயம், ஏழாம் காம்பரா.
எழுதி முடித்து
"நிரந்தர" என்பதை இன்னொருமுறை வாசித்தேன்.

விதி இதுதான்:
எண்பது சென்டிமீட்டரில் எட்டுத் தடைகள்.
ஒரு கம்பு விழுந்தால் நாலு பிழை.
இரண்டு சுற்று, எட்டுப் பிழைக்குள் முடித்தால் சான்றிதழ்.
அது கையிலிருந்தால்தான்
ஏப்ரல் போட்டிக்குப் பேர் கொடுக்கலாம்.
"அங்கயும் கணக்கா?" என்றாள் அம்மா,
விரல்களில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டே.
பதினெட்டுக் கிலோ கொழுந்துக்கு ஒரு பேர்,
பதினேழரை என்றால் அரைப்பேர்.
அவளுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் தடவை,
மூன்றாம் தடைமுன் செவலை நின்றுவிட்டாள்.
நான் மட்டும் தாண்டினேன்.
கொழும்பிலிருந்து வந்த நடுவர்
குடைக்குள் இருந்தபடியே மணியடித்தார்.
வாயில் போன மண்ணைத் துப்பிவிட்டு
ஏயில் வைக்க வேண்டிய வணக்கத்தை
அங்கேயே வைத்தேன்.

மறுதடவை மார்ச். மூட்டம் இறங்கியிருந்தது.
வாவிப்பக்கம் மட்டக்குதிரைகளின் மணிச் சத்தம் மட்டும் வந்தது,
குதிரைகள் வரவில்லை.
ஐந்தாம் தடை எனக்குத் தெரியவேயில்லை.
அதன் வெள்ளைக் கம்பு
மூட்டத்தின் நிறத்திலேயே இருந்தது.
செவலையின் காதுகள் முன்னால் நிமிர்ந்தன.
அவளுக்குத் தெரிந்திருந்தது.
கடிவாளத்தை ஒரு விரல் அளவு விட்டேன்,
பாடத்தில் இல்லாத ஒன்று.
பின்னங்குளம்பு உரசிய சத்தம்,
கிண்ணத்துக்குள் கம்பு ஆடுகிற சத்தம்.
திரும்பிப் பார்க்கக் கூடாதென்று விதி எதுவும் இல்லை,
பார்த்தால் ஆறாவது போய்விடும், அவ்வளவுதான்.
அது விழவில்லை.
ஏழாவதுதான் விழுந்தது.
நாலு பிழை.

சான்றிதழ் தடித்த தாளில் வந்தது.
மேலே குதிரையின் பெயர், இரண்டு வரியும் முழுசாக.
கீழே கட்டத்துக்குள் அடங்காமல் நான்:
மங்களேஸ்.
என் "வரி" மட்டும் இல்லை.

அம்மா விளக்கடியில் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
"இங்கயும் அரைப்பேருதான் போட்டிருக்கானுங்க."
சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள்,
தங்கச்சி சிரித்தாள்,
பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்
எட்டாம் காம்பராவும் சிரித்தது.
திருத்தித் தரச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டும்.
அதற்குமுன்
செவலையின் முன்வலக்கால் லாடம் ஆடுகிறது,
ஐந்தரை பஸ்ஸை விட்டால்
அடுத்தது ஏழுக்குத்தான்.